முடிவைச் சொன்னால் அபராதம்

எங்கள் ஞாயிறு மன்றத்துக்கு ஒரே ஒரு விதிதான். படத்தின் முடிவைச் சொல்லக் கூடாது. சொன்னவர் வந்திருக்கும் அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு பாக்கெட் கடலைமிட்டாய் வாங்கித் தர வேண்டும். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் எல்லாம் ஒரு அபராதமா என்று சிரிக்காதீர்கள். வாங்கிக் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் அதைக் கடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

விதியைப் போட்டவள் நான். பெயர் செண்பகவல்லி. மன்றத்துக்குத் தலைவி, வேலை முத்திரை ஆய்வாளர். கடைத் தராசு சரியாக நிறுக்கிறதா, பொட்டலத்தின் மேல் எழுதிய எடை பொட்டலத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்கிற உத்தியோகம். இருபத்தேழு வருடம் ஆகிறது. தட்டுத் தராசு போய் மின்தராசு வந்தது, அது போய்ப் பார்த்த மாத்திரத்தில் எடை சொல்லும் கேமரா வந்தது. ஏமாற்றுகிறவன் மட்டும் அதே ஆள்தான். "நீ கடைக்குள்ள நுழைஞ்சா தராசே நிமிர்ந்து நிக்கும்" என்பார் என் வீட்டுக்காரர். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அவர் பெயர் பூவனநாதன். எங்கள் ஊர்க் கோயிலில் சாமி பூவனநாதர், அம்மன் செண்பகவல்லி. பெண் பார்க்க வந்த அன்று என் பெயரைக் கேட்டதும், "இது எப்பவோ முடிஞ்ச கல்யாணம்ல்லா" என்று மாமியார் காபியைக் கீழே வைக்காமலே சம்மதம் சொல்லிவிட்டார். அவருக்குக் கயத்தாறுப் பக்கம் காற்றாலைகளில் டெக்னீசியன் வேலை. நூறு மீட்டர் உயரத்துக்கு ஏறி இறங்குகிற மனிதர், ஒரு படத்துக்கு முன்னால் பத்து நிமிடம் சும்மா உட்கார மாட்டார். திரையில் யாரையாவது கைகாட்டி, "இவன் செத்துருவான் பாரு" என்பார். "ரொம்ப நல்லவனா இருக்கான். மகளுக்குக் கொலுசு வாங்கணும்ங்கான். இடைவேளை தாண்ட மாட்டான்." நான் அவர் கையைக் கிள்ளுவேன். அந்த ஆள் அநேகமாக இடைவேளை தாண்ட மாட்டான். இந்தத் தொல்லை பொறுக்காமல்தான் விதி போட்டேன். முதல் அபராதமும் அவர்தான் கட்டினார், அதிக அபராதமும் அவர்தான் கட்டினார்.

அவர் இல்லாமல் இரண்டு வருடம் ஆகிறது.

மன்றம் நிற்கவில்லை. பெத்துராஜின் மளிகைக் கடை மாடியில் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூடுவோம். வாரத்துக்கு ஒரு படத்தை எல்லாரும் அவரவர் வீட்டில் பார்த்துவிட்டு வர வேண்டும். அதோடு கைப்பேசியில் பார்த்த வீடியோ ஏதாவது ஒன்று. ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசலாம். 'சூப்பர்', 'மொக்கை' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டு உட்கார முடியாது, காரணம் சொல்ல வேண்டும். நான் கடைசியாகப் பேசுவேன். நான் சொன்ன பிறகு அந்தப் படத்தைப் பற்றி ஊரில் வேறு யாரும் பேச மாட்டார்கள் என்று பெத்துராஜ் கேலி செய்வார். கேலியாக இருந்தாலும் உண்மை. கொஞ்ச நாளாக நான் திரும்பத் திரும்பச் சொன்ன குறை ஒன்றுதான். இப்போது வருகிற படங்களில் எல்லாம் இருக்கிறது, ஏதோ உப்புப் போட மறந்த மாதிரி இருக்கிறது.

படங்களும் கைப்பேசி வீடியோக்களும் எல்லாம் முகில்திரை என்கிற ஒரே இடத்தில்தான் வருகின்றன. தியேட்டர் மூடி எத்தனையோ வருடம் ஆயிற்று. 'உங்கள் ரசனைக்கேற்ப' என்று முகில்திரை விளம்பரம் செய்யும். நமக்குப் பிடித்த படங்களை வரிசையில் முன்னால் வைக்கிறார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு ஞாயிறு பேச எடுத்த படம் 'மூன்றாம் பாய்மரம்'. தூத்துக்குடிக் கடலில் ஒரு விசைப்படகு, அதை ஓட்டுகிற சிலுவை, அவன் மனைவி, மகள். அன்றைக்கு மன்றத்துக்குப் புதிதாக ஒருத்தி வந்திருந்தாள். எப்சிபா, பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்த நர்ஸ். எழுந்து நின்று, "மத்ததெல்லாம் எனக்குப் பேசத் தெரியாது. அந்தச் சிலுவை செத்த இடத்துல அழுதுட்டேன். மூஞ்சியைக் கழுவிட்டுத்தான் டியூட்டிக்குப் போனேன்" என்றாள்.

"அபராதம்!" என்று கத்தினார் மரியசேவியர், ரிட்டயர்ட் ஏட்டு. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சிலுவை எங்க செத்தான்?" என்றேன். "கடைசியில கரைக்கு வந்து மீன் குழம்பு ஊத்திச் சாப்பிடுதானே? மக விசிறிக்கிட்டு உக்காந்திருக்காளே?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம் இல்லாதது. தப்புத் தராசுக்காரனை நான் பார்க்கிற பார்வை அது. அதை என் மேல் யாரும் வைத்ததில்லை.

ஒரு தராசைச் சந்தேகப்பட்டால் நாங்கள் சண்டை போடுவதில்லை. சரியான எடை தெரிந்த சோதனைக் கல்லை எடுத்து வைப்போம். பெத்துராஜிடம் பில் காகிதத்தைக் கிழித்துத் தரச் சொன்னேன். என்னையும் சேர்த்து எட்டுப் பேருக்கும் மூன்று கேள்வி. சிலுவை என்ன ஆனான்? போலீஸ் எப்போது வந்தது? வில்லன் என்ன தொழில் செய்கிறான்? பக்கத்தில் பார்க்காமல் எழுதி, காலி பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும்.

பிரித்துப் படிக்கப் படிக்கச் சிரிப்பு பொங்கியது. எல்லாருக்கும் போலீஸ் எல்லாம் முடிந்த பிறகு ஜீப்பில் வந்து இறங்கியிருக்கிறது. மரியசேவியருக்கு மட்டும் முதல் ஆளாக வந்து நின்றிருக்கிறது. எல்லாருக்கும் வில்லன் மீன் மொத்த வியாபாரி. வியாபாரியான பெத்துராஜுக்கு மட்டும் வில்லன் ஒரு வங்கி மேலாளர்.

"அப்போ நாம ஒரே படத்தைப் பாக்கலையா?" என்றார் பெத்துராஜ்.

"ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பதிப்பு" என்றாள் எப்சிபா. "எங்க வார்டுல நோயாளிகளுக்குப் படம் போட வந்த கம்பெனிக்காரங்க சொல்லியிருக்காங்க. நாம எங்க கண்ணை மூடுதோம், எங்க எந்திரிச்சுப் போறோம்னு பாத்துப் பாத்து அது தானா மாத்திக்கிடும். கீழ இருக்குற கருத்துகளும் நம்ம பதிப்பைப் பாத்தவங்க எழுதினது மட்டும்தான் நமக்குத் தெரியும்."

மரியசேவியர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ரெண்டு வருஷமா 'ஆமா ஆமா'ன்னு தலையாட்டிக்கிட்டு இருந்தமே. எந்தப் படத்துக்குய்யா ஆட்டினோம்?"

எனக்கு உறைத்தது. முடிவைச் சொல்லக் கூடாது என்கிற நாகரிகத்தில் அவரவர் முடிவை அவரவர் மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறோம். இத்தனை பெரிய மோசடி என் மூக்குக்குக் கீழே நடக்க, அதற்குத் திரை பிடித்தது என் விதி.

ஆனால் சிரிப்பு அடங்கிய பிறகு ஒன்று மிஞ்சியது. மற்றவர்களுக்கு மாறியதெல்லாம் சில்லறை. சிலுவை எட்டுச் சீட்டில் ஏழில் செத்திருந்தான். பழைய படங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டேன். அந்த வாத்தியார்? செத்துட்டார். அந்த ரயில் படத்துத் தங்கச்சி? செத்துட்டா. கிணற்றில் விழுந்த ஆட்டைத் தூக்குகிற வீடியோ, போன மாதம் நான்தான் கொண்டுவந்து பேசினேன், அது? எப்சிபா குரலைத் தாழ்த்தி, "அதுவும் பிழைக்கல மேடம்" என்றாள்.

இரண்டு வருடமாக என் திரையில் ஒரு உயிர்கூடப் போகவில்லை.

"அதுக்கு 'இதப் பதிப்பு'ன்னு பேரு, மனசுக்கு இதமா சாவை எடுத்துட்டுக் கொடுக்குறது" என்றாள் எப்சிபா. "தானா வராது. வீட்டுல யாராவது கேட்டுக்கிட்டாத்தான் போடுவாங்க."

"யாரு கேட்டது?" என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "எனக்கு எடை குறைச்சுக் கொடுக்கச் சொன்னது யாருன்னு கண்டுபிடிச்சு, இதே இடத்துல பதில் சொல்ல வைப்பேன். அது யாரா இருந்தாலும் சரி, அதுக்கப்புறம் அவங்க இந்த மன்றத்துப் படி ஏறக் கூடாது." ஏழு பேர் முன்னால் சொன்னேன். சொன்னால் சொன்னதுதான்.

வீட்டில் இருப்பது இரண்டு பேர். நான், என் மகள் தன்ஷிகா. அவர் தேடி வைத்த பெயர். என்ன பொருள் என்று அவருக்கும் தெரியாது. கல்லூரி கடைசி வருடம். மன்றத்துக்கு என்னோடு வருவாள், அன்றைக்குப் பரீட்சைக்குப் படிப்பதாக வீட்டில் இருந்தாள். நான் போனபோது தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, நம்ம திரையில 'இதப் பதிப்பு' போடச் சொன்னது யாரு?"

அவள் கை தட்டிலேயே நின்றது.

"நான்தாம்மா."

"யாரைக் கேட்டுச் செஞ்சே?"

"யாரையும் கேக்கல. விட்டுருங்கம்மா."

"எப்படி விடுவேன்? ஊரே சிலுவைக்கு அழுதுட்டு வந்து உக்காந்திருக்கு. நான் அவன் மீன் குழம்பு சாப்பிட்ட அழகைப் பேசப் போயிருக்கேன். இந்தக் கிழவிக்குச் சாவு தாங்காதுன்னு நீயே முடிவு கட்டிட்டியா? ஒரு வார்த்தை கேட்டியா? உங்க அப்பா இருந்திருந்தா இப்படி என் கண்ணைக் கட்ட விட்டிருப்பாரா?"

"சாரிம்மா" என்றாள். சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

இரண்டு வாரம் அவளுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாடு எடுத்து வைப்பேன், குழம்பு எது என்று சொல்ல மாட்டேன். எனக்கும் அது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் ஏழு பேர் முன்னால் சொல்லிவிட்டு வந்தவள் இறங்கிவர முடியுமா?

முகில்திரைக்கு ஒரு கடிதம் எழுதினேன். அலுவலகக் காகிதத்தில் எழுதவில்லை. சொந்த வழக்குக்கு அரசாங்கக் காகிதத்தை எடுக்கிறவள் இல்லை நான். கணக்கு என் பெயரில் இருக்கிறது, நான் சம்மதிக்காமல் என் படத்தை எப்படி மாற்றலாம், பதில் தேவை என்று கேட்டிருந்தேன். 'தங்கள் வீட்டிலிருந்து குரல் வழியாகச் சம்மதம் பெறப்பட்டுள்ளது, பதிவு உள்ளது' என்று பதில் வந்தது. எனக்குள் ஒரு சந்தோஷம். சம்மதம் சொன்னது மகள், கணக்கு என்னுடையது. செல்லாத சம்மதம். மகளை என்ன செய்வது என்பது என் வீட்டு விஷயம், கம்பெனியை இதில் மடக்கிவிடலாம். அந்தப் பதிவை எங்கள் மன்றத்தில் எல்லார் முன்னாலும் போட்டுக் காட்ட வேண்டும் என்று திருப்பி எழுதினேன். மதுரையிலிருந்து ஒரு அதிகாரியை அனுப்புவதாகச் சொன்னார்கள். இந்த ஊருக்கு அவர்களை வரவழைத்தேனே, அதுவே ஒரு கெத்துதான்.

அதிகாரி வர வேண்டிய ஞாயிறு காலை நான் புடவைக்கு ஊக்குக் குத்திக்கொண்டிருந்தபோது தன்ஷிகா வந்து நின்றாள்.

"அம்மா, அந்தப் பதிவு வேண்டாம்மா. நான்தான்னு ஒத்துக்கிட்டேன்ல?"

பதினான்கு நாளில் அவளோடு பேசிய முதல் பேச்சு: "தப்புப் பண்ணின கடைக்காரன்தான் தராசைத் தொட விட மாட்டான்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு என் பின்னாலேயே வந்தாள்.

வந்திருந்த அதிகாரி ஷாகிரா, முப்பது வயது இருக்கும். கையில் சின்ன ஒலிபெட்டி ஒன்று. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா, இதை நீங்க மட்டும் முதல்ல கேட்டுருங்களேன். கீழ கார்ல உக்காந்து கேக்கலாம்" என்றாள்.

"எதுக்கு? எல்லார் முன்னாடியும் போடுங்க."

"கொஞ்சம் யோசிச்சுக்கோங்கம்மா."

"யோசிச்சுத்தான் உங்களை வரச் சொன்னேன்."

மரியசேவியர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். தன்ஷிகா கதவோரம் நின்றாள். ஷாகிரா தேதியைப் படித்தாள். பூவனநாதன் காரியம் முடிந்த மறுநாள்.

ஒலிபெட்டியில் முதலில் மின்விசிறிச் சத்தம். எங்கள் வீட்டு மின்விசிறிதான், மூன்று சுற்றுக்கு ஒருமுறை கிரீச்சிடும். பிறகு ஒரு பெண் குரல். தூக்க மாத்திரையில் நாக்குத் தடித்த குரல்.

"யாரும் சாகாத படம் இருந்தா போடு."

"அப்படி ஒரு படம் வேண்டுமா?" என்றது முகில்திரையின் குரல்.

"எல்லாம் அப்படித்தான் வேணும். சாகுறவன் இருந்தா மாத்திப் போடு. இனிமே என் கண்ணு முன்னாடி ஒருத்தரும் சாகக் கூடாது."

"எத்தனை நாட்களுக்கு?"

"நான் சொல்ற வரைக்கும்."

"இது வீட்டில் உள்ள எல்லாருடைய திரைக்கும் பொருந்தும். மற்றவர்களுக்குச் சம்மதமா?"

கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் கிரீச்சிட்டது. பிறகு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு சின்னக் குரல்: "சம்மதம். அம்மா, நீங்க படுங்கம்மா."

பதிவு முடிந்தது. கீழே கடையில் யாரோ துவரம்பருப்பு விலை கேட்டது மாடி வரை கேட்டது.

எனக்கு நினைவே இல்லை. சத்தியமாக நினைவில்லை. அந்த நாட்களில் மாத்திரை போட்டேன், தூங்கினேன், எழுந்தேன், மறுபடி மாத்திரை போட்டேன். ஆனால் குரல் என்னுடையது. அதில் ஒரு கிராம்கூடச் சந்தேகம் இல்லை.

பெத்துராஜ் இரக்கப்பட்டு, "இதெல்லாம் மெஷின்ல எப்படி வேணும்னாலும் செய்யலாம் மேடம்" என்றார். எனக்குத் தப்பித்துப் போக வழி காட்டுகிறார். நல்ல மனிதர்.

"இல்ல பெத்துராஜ். அது நான்தான்" என்றேன். எழுந்து நின்றுதான் சொன்னேன். "ஆய்வாளர் கையில இருக்குற சோதனைக் கல்லையும் அப்பப்போ மேல அனுப்பிச் சரிபாக்கணும். என் கல்லை நான் ரெண்டு வருஷமா அனுப்பல. எடையைக் குறைக்கச் சொன்னது நான். சொன்னபடி இந்தப் படி இனிமே நான் ஏறல."

நான் கதவோரம் போனேன். தன்ஷிகா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீ எதுக்கு உன் தலையில போட்டுக்கிட்டே? 'நீங்கதாம்மா கேட்டீங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"அன்னைக்கு நீங்க வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே பெத்துராஜ் மாமா போன்ல சொல்லிட்டாங்க" என்றாள். "கேட்டவங்க படி ஏறக் கூடாதுன்னு சவால் விட்டுட்டு வாறீங்கன்னு. நீங்கதான்னு தெரிஞ்சா நீங்க வர மாட்டீங்க. அப்பா போனதுக்கு அப்புறம் நீங்க வாரத்துல ஒரு நாள்தான் சிரிக்கீங்க. அதுவும் இங்க வந்துதான்."

"அப்போ நீயும் ரெண்டு வருஷமா...?"

"ஆமா. என் போனும் நம்ம வீட்டுக் கணக்குதானே."

"காலேஜ்ல யாருமே இதைப் பேசலையா?"

"முதல் மாசமே பேசினாங்க. 'உன் வீட்டுப் படத்துல யாருக்கும் காய்ச்சல்கூட வராதே'ன்னு ஓட்டுவாங்க. அப்புறம் படப் பேச்சு வந்தா நான் எந்திரிச்சுப் போயிருவேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் சொல்ற வரைக்கும்னு சொன்னீங்கள்ல. நீங்க சொல்லல. அதான் மாத்தல."

என் உத்தியோகத்தில் எத்தனையோ கடைகளில் எத்தனையோ கைகளைப் பார்த்திருக்கிறேன். தட்டுக்கு அடியில் புளி ஒட்டுகிற கை, விரலால் அழுத்துகிற கை. தன் பங்கையும் எடுத்து அடுத்தவர் தட்டில் போட்டுவிட்டு வாய் திறக்காமல் நிற்கிற கையை நான் பார்த்ததே இல்லை. அது என் வீட்டிலேயே இருந்திருக்கிறது. அதற்குப் பதினான்கு நாள் குழம்பு எதுவென்று சொல்லாமல் இருந்திருக்கிறேன். அந்த இடத்தில் எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக, நெஞ்சு வலிக்கிற அளவுக்குப் பெருமை வந்தது. இவளைப் பெற்றவள் நான்.

மரியசேவியர் தொண்டையைச் செருமினார். "மேடம், ஒரு சட்டச் சிக்கல். படி ஏறக் கூடாதுன்னுதானே சொன்னீங்க? இப்ப மேலதான் இருக்கீங்க. இறங்கினாத்தானே ஏறணும்? அடுத்த வாரத்துல இருந்து கீழ கடையிலேயே கூடுவோம். ஏய் பெத்துராஜ், மூட்டையை ஒதுக்குய்யா." ஏட்டாக இருந்த காலத்தில் இப்படித்தான் எத்தனை கேஸை முடித்தாரோ தெரியவில்லை.

ஷாகிரா பெட்டியை மூடப் போனாள். "ஒரு நிமிஷம்" என்றேன். "நான் சொல்ற வரைக்கும்னு சொன்னேன்ல. இப்போ சொல்லுதேன். போதும். மாத்துங்க."

"வீட்டுல எல்லாரும் சம்மதிக்கணும்மா."

"சம்மதம்" என்றாள் தன்ஷிகா.

"இன்னொண்ணு. நீங்க யாருக்கு எதை வேணும்னாலும் மாத்திக் கொடுங்க. ஆசுபத்திரியில கிடக்குறவங்களுக்கு வேண்டியிருக்கும், எனக்கும் வேண்டியிருந்துச்சு. ஆனா கடலைமிட்டாய்ப் பொட்டலத்துலகூட உள்ள என்ன இருக்கு, எவ்வளவு இருக்குன்னு வெளிய போட்டிருக்கும். படம் ஆரம்பிக்கும்போது என்ன எடுத்தோம், என்ன சேத்தோம்னு எழுதிக் காட்டுங்க. இது ஆய்வாளரா சொல்லல. வாங்கித் தின்னவளா சொல்லுதேன்."

ஷாகிரா அதைக் குறித்துக்கொண்டு போனாள். எங்கள் கதை பரவி, மற்ற ஊர்களிலும் மன்றங்கள் சீட்டு எழுதி டப்பாவில் போட ஆரம்பித்தன. எட்டு மாதம் கழித்து முகில்திரை எல்லாப் படத்துக்கும் முன்னால் அந்த வரிகளைப் போட்டது. மரியசேவியர் அதைப் படித்துவிட்டு, 'காவல்துறை விரைவாக்கப்பட்டுள்ளது' என்ற வரி மட்டும் தன்னை மனதில் வைத்து எழுதியது என்று இன்றுவரை சண்டை போடுகிறார்.

அது பிற்பாடு. அந்த வாரச் சனிக்கிழமை மத்தியானம் நானும் தன்ஷிகாவும் 'மூன்றாம் பாய்மர'த்தை முதலிலிருந்து போட்டோம். அவர் உட்கார்கிற இடத்தை நடுவில் விட்டுத்தான் இரண்டு வருடமாக உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு அவளைப் பக்கத்தில் தள்ளி வரச் சொன்னேன். படகு கிளம்பியது. சிலுவை எல்லாருக்கும் பீடி கொடுத்தான், எல்லாருக்கும் சிரித்தான், மகளுக்கு வெள்ளிக் கொலுசு வாங்கணும் என்றான்.

பத்தாவது நிமிடம், திரையைக் கைகாட்டித் தன்ஷிகா சொன்னாள்:

"இவன் செத்துருவான் பாரு."

அதே இழுப்பு. அதே கேலி. என்னை 'பாருங்க' என்று சொல்கிற பெண் அன்றைக்கு 'பாரு' என்றாள். என் விரல்கள் என்னைக் கேட்கவில்லை, நேரே போய் அவள் கையைக் கிள்ளின.

சிலுவை இடைவேளை தாண்டவில்லை. மீன் குழம்பு ஆறிக்கொண்டு இருந்தது. மகள் விசிறியை வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அழுதேன். சிலுவைக்காக ஆரம்பித்தேன், சிலுவையோடு நிற்கவில்லை. இரண்டு வருடத்து அழுகை, குறைவில்லாமல் முழு எடை. தன்ஷிகாவும் அழுதாள். கடைசியில் அவள் எழுந்து போய் இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்துவிட்டு மீதிப் படத்தையும் பார்த்தோம்.

மறுநாள் மன்றம் மளிகைக் கடையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவில் கூடியது. படி ஏற வேண்டியிருக்கவில்லை. நான் முதலாவதாகப் பேச எழுந்தேன்.

"படத்துல உப்பு சரியா இருக்கு. சிலுவை சாகுதான்" என்றேன். "என் வீட்டுக்காரர் பூவனநாதனும் செத்துட்டார். ரெண்டு வருஷம் ஆகுது. 'அவர் இல்ல, அவர் இல்ல'ன்னே சொல்லிக்கிட்டு இருந்தேன். செத்துட்டார். படத்தைப் பாருங்க, நல்ல படம்."

யாரும் 'அபராதம்' என்று கத்தவில்லை. நானே பையைத் திறந்து ஆளுக்கொரு பாக்கெட் கொடுத்தேன். தலைவி ஆன பிறகு நான் கட்டிய முதல் அபராதம். கொடுத்து முடித்துத் திரும்பினால், தன்ஷிகா இன்னொரு பையோடு நிற்கிறாள். அவளும் ஒவ்வொருவருக்கும் ஒரு பாக்கெட் கொடுத்துக்கொண்டு வருகிறாள்.

"நீ எதுக்குப் பாப்பா?" என்றார் பெத்துராஜ்.

"நேத்துப் பத்தாவது நிமிஷத்துலயே முடிவைச் சொல்லிட்டேன் மாமா."

"அப்படியே அப்பன்" என்றார் மரியசேவியர்.

எல்லாருக்கும் இரண்டு பாக்கெட். கடை முழுக்கக் கடலைமிட்டாய் கடிக்கிற சத்தம். நான் மகள் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.